ஒரு ஞாயிறு 88, அடுத்த ஞாயிறு 101: கோல்ஃப் ஸ்கோர் ஏறி இறங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை செட்டிபாளையத்தில் வாராவாரம் ஆடுபவர்களையும், வெயிலுக்குப் பயந்து வெலிங்டனுக்கோ ஊட்டிக்கோ கோல்ஃப் பையோடு மலை ஏறுபவர்களையும் மனதில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டது. 85-க்கும் 105-க்கும் இடையில் (18 ஹோலுக்கு எத்தனை ஸ்ட்ரோக், அதாவது அடி, என்ற கணக்கு; குறைந்தால்தான் நல்லது) ஆடுபவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும். இடம் வலம் என்று வரும் இடங்களில் வலக்கை ஆட்டக்காரர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏனுங்க, போன வாரம் 88 அடிச்சவன் இந்த வாரம் 101 அடிக்கறது இயல்பா? என் ஸ்விங்ல ஏதோ உடைஞ்சு போச்சுங்களா?

பெரும்பாலும் எதுவும் உடையவில்லை. ஒரு பார் 4 ஹோலில் (நாலு ஸ்ட்ரோக்கில் முடிக்க வேண்டிய குழி) உங்களுக்கு 4 விழும், 5 விழும், 6 விழும், சமயத்தில் 7 விழும். சராசரியிலிருந்து ஹோலுக்கு ஒரு ஸ்ட்ரோக் இப்படியோ அப்படியோ விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். 18 ஹோலையும் கூட்டும்போது இந்த விலகல் 18 மடங்காகப் பெருகாது. நல்லதும் கெட்டதும் ஒன்றையொன்று கொஞ்சம் சரிக்கட்டிக்கொள்வதால் 18-ன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது சுமார் 4.2 மடங்குதான் ஆகும். உங்கள் சராசரி 94 என்றால் மூன்றில் இரண்டு ரவுண்டு 90-க்கும் 98-க்கும் நடுவில் விழும். இருபதில் பத்தொன்பது 86-க்கும் 102-க்கும் நடுவில் விழும். 88, 101 இரண்டுமே அந்த வரம்புக்குள்தான் இருக்கின்றன. ஸ்விங்கில் ஒரு மாற்றமும் இல்லாமலே இது நடக்கும்.

உலகின் முன்னணி ஆட்டக்காரர்களுக்கும் இதே கதைதான். 2010 ஓப்பன் சாம்பியன்ஷிப்பில், செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில், ரோரி மெக்கில்ராய் முதல் நாள் 63 அடித்தார். மறுநாள் பலத்த காற்றில் 80. அடுத்த இரண்டு நாள் 69, 68. அந்த 80-க்குப் பிறகு அவர் ஸ்விங்கை மாற்றியிருந்தால் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்திருக்க மாட்டார்.

நம் ஆட்களிடம் உள்ள பெரிய தொல்லை, 101 அடித்த அன்று சாயங்காலமே கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பிடியை மாற்றுவது. மறுவாரம் 97 வந்தால் அது புதுப் பிடியின் புண்ணியம் என்று நம்பிவிடுவார்கள். பழைய பிடியிலும் 97-தான் வந்திருக்கும்.

என் ஹேண்டிகேப் 18. ஆனா 90 அடிக்கறதே அபூர்வம். ஹேண்டிகேப் தப்பா?

தப்பில்லை. பாருக்கு மேல் எத்தனை ஸ்ட்ரோக் ஆடக்கூடியவர் என்று காட்டும் எண்தான் ஹேண்டிகேப்; 18 என்றால் பார் 72 மைதானத்தில் சுமார் 90. 2020-ல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 ரவுண்டில் சிறந்த 8-ஐ மட்டும் எடுத்து அவற்றின் சராசரியைப் போடுகிறார்கள். மோசமான 12 கணக்கிலேயே வராது. எனவே ஹேண்டிகேப் காட்டுவது உங்கள் நல்ல ஆட்டத்தின் அளவை. சாதாரண நாளில் அதைவிட இரண்டு முதல் நான்கு ஸ்ட்ரோக் கூடத்தான் வரும். நாலைந்து ரவுண்டுக்கு ஒருமுறை ஹேண்டிகேப்புக்கு ஆடினாலே ஒழுங்காக ஆடுகிறீர்கள் என்று அர்த்தம்.

ஒருநாள் 92, ஒருநாள் 90. ரெண்டாவதுதானே நல்ல ரவுண்டு?

எந்த டீயிலிருந்து (ஹோலின் முதல் ஸ்ட்ரோக்கை அடிக்கும் இடம்) ஆடினீர்கள் என்று தெரியாமல் சொல்ல முடியாது. ஒரு கணக்கு பார்ப்போம் (எண்கள் உதாரணத்துக்காக வைத்தவை). பின் டீயில் கோர்ஸ் ரேட்டிங் (திறமையான ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கும் ஸ்கோர்) 71.2, ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்ற எண்; 113 நடுத்தரம்) 126. முன் டீயில் ரேட்டிங் 68.9, ஸ்லோப் 117. ஸ்கோரிலிருந்து ரேட்டிங்கைக் கழித்து, 113-ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுக்க வேண்டும்.

பின் டீயில் 92: 20.8 × 113 ÷ 126 = 18.7.
முன் டீயில் 90: 21.1 × 113 ÷ 117 = 20.4.

ஆக 92-தான் நல்ல ரவுண்டு. ஒரு வாரம் நண்பர்களோடு முன் டீ, மறுவாரம் போட்டியில் பின் டீ என்று மாறி மாறி ஆடுகிறவர்கள் வெறும் ஸ்கோரை ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். கார்டில் இந்த வித்தியாச எண்ணையும் எழுதி வையுங்கள். ஃபேர்வேயில் (சீராக வெட்டிய புல்வழி) பந்தை எடுத்துத் துடைத்து வைக்க அனுமதித்த நாளா, கிடந்த இடத்திலேயே ஆடிய நாளா என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். இரண்டும் ஒரே ஆட்டமல்ல.

சரிங்க, நல்ல ரவுண்டுக்கும் மோசமான ரவுண்டுக்கும் நடுவுல அந்த 10 ஸ்ட்ரோக் எங்கதான் போகுது?

பத்து கார்டை எடுத்து சிறந்த மூன்றையும் மோசமான மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இருக்காது. போகி (பாருக்கு ஒரு ஸ்ட்ரோக் கூட) எண்ணிக்கையும் ஏறக்குறைய அதேதான். ட்ரிபிள் போகி (பாருக்கு மூன்று கூட), அதற்கு மேல் போன ஹோல்கள் என்று மோசமான கார்டில் மூன்று நான்கு இருக்கும். 10 ஸ்ட்ரோக்கும் அங்கேதான் கிடக்கும்.

அந்த மாதிரி ஒரு ஹோலைப் பிரித்துப் பார்க்கலாம். 380 யார்டு பார் 4. டிரைவரால் (அதிக தூரம் அடிக்கும் கிளப்) அடித்தது வலப்பக்கம் மரங்களுக்குள் போனது. பந்து கிடைத்துவிட்டது. கிரீனுக்கு (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) 170 யார்டு. இரண்டு மரங்களுக்கு நடுவே மூன்றடி இடைவெளியில் கொடி தெரிகிறது. ஆட்டக்காரர் 5-அயர்ன் (இரும்புத் தலை கிளப்; எண் கூடக் கூடத் தூரம் குறையும்) எடுக்கிறார். கிளையில் பட்டுப் பத்தடி தள்ளி விழுகிறது (2). இன்னொரு முறை அதே முயற்சி, இப்போது புதருக்குள் (3). ஆட முடியாத பந்து என்று ஒரு பெனால்டி (4). வெளியே தட்டுகிறார் (5). கிரீன் ஓரம் வரை வருகிறார் (6). சிப் எனும் குட்டைத் தட்டல் (7), கிரீனில் உருட்டி இரண்டு பட். 9.

அதே டிரைவர், அதே மரம். இரண்டாவது ஸ்ட்ரோக்கில் 8-அயர்னால் பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தட்டியிருந்தால்? மூன்றாவது கிரீனுக்கு முன்னால் குட்டையாக விழுந்தாலும் நாலாவது சிப், இரண்டு பட். 6. நல்ல ஷாட் ஒன்றுகூட அடிக்காமல் மூன்று ஸ்ட்ரோக் மிச்சம்.

மூன்றடி இடைவெளி ஆட்டக்காரருக்கு எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) அதே கிளப்பால் பத்துப் பந்து அடித்தால் குறைந்தது எட்டு அந்த இடைவெளிக்குள் போகுமா? போகாதென்றால் பக்கவாட்டுதான்.

பெனால்டிக்கு இன்னொரு வார்த்தை. பந்து ஓபி (மைதான எல்லைக்கு வெளியே) போனால் ஒரு ஸ்ட்ரோக் மட்டும் போவதில்லை. டீயிலிருந்து மறுபடி அடிப்பது மூன்றாவது ஸ்ட்ரோக். பந்து ஓபியாகவோ தொலைந்தோ போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ‘ப்ரொவிஷனல்’ (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடுத்த பந்தை அடியுங்கள். சொல்லாமல் அடித்தால் அந்தப் பந்தே ஆட்டப் பந்தாகிவிடும், முதல் பந்து ஃபேர்வேயில் கிடந்தாலும் பயனில்லை. தேட மூன்று நிமிடம்தான்.

கார்டுல என்னென்ன எழுதி வைக்கணும்?

ஆறு மாதம் தொடர்ந்து எழுதக்கூடியதை மட்டும். ஹோலுக்கு நாலு குறி போதும்: டீ ஷாட் எங்கே போனது (இ, ந, வ), பெனால்டி எத்தனை, கிரீனைச் சுற்றி 40 யார்டுக்குள் எத்தனை ஸ்ட்ரோக், பட் எத்தனை. ‘வ 1 2 3’ என்று எழுதியிருந்தால்: வலப்பக்கம், ஒரு பெனால்டி, கிரீனை ஏற இரண்டு, மூன்று பட். ஹோல் முடிந்து அடுத்த டீக்கு நடக்கும்போதே எழுதிவிடுங்கள். பதினெட்டும் முடிந்து காபி குடித்துக்கொண்டு எழுதினால் பாதி மறந்திருக்கும், மீதியில் கொஞ்சம் பொய் கலந்திருக்கும்.

ஆனி ஆடியில ஸ்கோர் கன்னாபின்னான்னு போகுது. காத்துக்கு என்ன கணக்கு?

நம் பக்கத்தில் ஸ்கோரைக் கலைக்கும் முதல் ஆள் பாலக்காட்டுக் கணவாய்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த இடைவெளி வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று பீறிட்டு வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் இதனால்தான். அம்மியே பறக்கும் என்கிற காற்றில் 46 கிராம் பந்து எம்மாத்திரம்?

எதிர்க்காற்று கெடுக்கும் அளவுக்குப் பின்காற்று உதவாது. மணிக்கு 1.6 கிலோமீட்டர் எதிர்க்காற்றுக்கு ஏறக்குறைய ஒரு சதவீத தூரம் குறையும். அதே பின்காற்றுக்கு அரை சதவீதம்தான் கூடும். 16 கிலோமீட்டர் வேகக் காற்றில் 150 யார்டு ஷாட் எதிரே அடித்தால் 135-க்கு வரும், பின்னால் இருந்தால் 157-க்குப் போகும். போகும்போது இழந்ததைத் திரும்பும்போது மீட்கலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. காற்று நாளில் ஸ்கோர் சில ஸ்ட்ரோக் ஏறுவது நியாயமே.

எதிர்க்காற்றில் செய்கிற தப்பு ஓங்கி அடிப்பது. வேகம் கூடினால் பந்தின் சுழற்சியும் கூடும். சுழற்சி கூடினால் பந்து மேலே எழும்பி நின்று செங்குத்தாக விழும். 8-அயர்ன் தூரத்துக்கு 6-அயர்ன் எடுங்கள். பிடியில் ஒரு அங்குலம் கீழே இறங்கிப் பிடியுங்கள். பந்தை ஒரு பந்து அகலம் பின்னால் வையுங்கள். முக்கால் ஸ்விங், முடிவில் கைகள் மார்பு உயரத்தில் நிற்கட்டும். பக்கக்காற்றில் பந்தை வளைத்துக் காற்றோடு சண்டை போட வேண்டாம். குறியைத் தள்ளி வைத்து, நேராக அடித்து, காற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

காற்று பட்டிங்கையும் கெடுக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உடம்பு ஆடினால் நாலடி பட்கூட நழுவும். காலை இன்னும் கொஞ்சம் அகட்டி நில்லுங்கள், பட்டரைத் தரையில் அழுத்தி ஊன்றாதீர்கள். இந்த மாதங்களில் பகல் ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பதால், காலை 6 மணிக்குப் புறப்பட்டவரையும் 10 மணிக்குப் புறப்பட்டவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒரு நாள் எல்லோருக்கும் ஸ்கோர் ஏறியிருந்தால் ஹேண்டிகேப் முறையே அதைச் சரிக்கட்டும். அன்றைக்குக் குறைந்தது எட்டுப் பேரின் கார்டு பதிவாகியிருந்தால், நிலைமையைப் பார்த்து -1 முதல் +3 வரை ஒரு திருத்தம் போடும். அதனால் மோசமான நாளின் கார்டையும் மறைக்காமல் போடுங்கள்.

மழை, வெயில், பனிக்கு என்ன மாத்தணும்?

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்த ஈரத் தரையில் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். டிரைவரில் கிடைத்த 20 யார்டு உருளல் காணாமல் போகும். அதற்கு ஒரு கிளப் கூட எடுப்பதுதான் வழி. சகதியில் புதைந்த பந்துக்கும் தேங்கிய தண்ணீருக்கும் பெனால்டி இல்லாமல் டிராப் (பந்தை எடுத்து வேறு இடத்தில் போட்டு ஆடும் சலுகை) உண்டு. இது தெரியாமலே சேற்றிலிருந்து அடித்து ஸ்ட்ரோக்கை வீணடிப்பவர்கள் நிறைய. பங்கர் எனும் மணல் பள்ளத்தில் மணல் இறுகிக் கிடக்கும். கிளப் முகத்தை அகலத் திறந்தால் கிளப் எகிறி பந்தின் வயிற்றில் அடித்து, கிரீனைத் தாண்டிப் போகும். கொஞ்சம் மட்டுமே திறந்து, பந்துக்கு நெருக்கமாக மணலில் இறக்குங்கள்.

மார்கழிக் காலையில் புல்லில் பனி. கிளப் முகத்துக்கும் பந்துக்கும் நடுவில் ஈரம் புகுந்தால் சுழற்சி குறைந்து பந்து எதிர்பாராமல் நீளப் பறக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் முகத்தைத் துண்டால் துடையுங்கள்.

பங்குனி, சித்திரையில் தரை காய்ந்து மொட்டையாகிவிடும். அடிப்பாகம் தடித்த சாண்ட் வெட்ஜ் (மணலுக்கான குட்டைத் தூர கிளப்) இந்தத் தரையில் பட்டு எகிறும். கிரீன் ஓரத்தில் 8-அயர்னால் தட்டி உருட்டுங்கள், வழி சமமாக இருந்தால் பட்டரையே எடுங்கள். அசிங்கமாகத்தான் தெரியும். கார்டில் படம் வரைய இடமில்லை, எண்ணுக்கு மட்டும்தான்.

ஒருநாள் 30 பட், ஒருநாள் 40. என் பட்டிங் அவ்வளவு மோசமா மாறுதா?

உங்கள் கை மாறவில்லை, முதல் பட்டின் தூரம் மாறியிருக்கிறது. சிப் நன்றாக விழுந்த நாளில் முதல் பட் எட்டடியில் இருக்கும், கிரீனின் ஓரத்தில் ஏறிய நாளில் முப்பதடியில். அமெரிக்க டூரில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடியிலிருந்து பாதிதான் போடுகிறார்கள். 90 அடிப்பவருக்கு அந்தப் பாதி ஐந்தடியிலேயே வந்துவிடும். ஆக, முப்பதடியிலிருந்து அடித்த முதல் பட் ஆறடி தள்ளி நின்றால் த்ரீ-பட் பாதிக்கு மேல் உறுதி. மூன்றடிக்குள் நின்றால் அந்தக் கவலையில்லை. பயிற்சி முழுக்க இந்த முதல் பட்டின் வேகத்தில்தான் இருக்க வேண்டும்.

ரவுண்டுக்கு முன் பத்து நிமிடம் போதும். பயிற்சி கிரீனில் ஏழு, பத்து, பதிமூன்று எட்டு நடந்து மூன்று டீயை (பந்தைத் தாங்கும் சிறு குச்சி) ஊன்றுங்கள் (ஓர் எட்டு மூன்றடி என்று கொண்டால் 20, 30, 40 அடி). குழியைக் குறி வைக்காமல் டீயைத் தாண்டி ஒரு பட்டர் நீளத்துக்குள் நிற்கும்படி தூரத்துக்கு மூன்று பந்து. கடைசியில் மூன்றடியிலிருந்து ஆறு பட். அன்றைய கிரீனின் வேகம் கைக்குப் பழகிவிடும்.

சமவெளி கிரீன்களில் பெர்முடா வகைப் புல் பரவலாக இருக்கிறது. இது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். பந்திலிருந்து குழியைப் பார்க்கும்போது புல் பளபளத்தால் சாய்வு உங்களுக்கு எதிர்ப்பக்கம், பந்து வேகமாக ஓடும். கறுத்துத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, நின்றுவிடும். குழியின் விளிம்பைப் பாருங்கள். புல் பிய்ந்து தேய்ந்த பக்கத்தை நோக்கித்தான் சாய்வு. கிரீனில் துளை போட்டு மணல் கொட்டிய பிறகு ஓரிரு வாரம் பந்து தத்தித் தத்தித்தான் ஓடும். அந்த ரவுண்டின் பட் எண்ணிக்கையை வைத்துப் புதுப் பட்டர் வாங்கப் போக வேண்டாம்.

ஒரு பந்து வலப்பக்கம் வளையுது, அடுத்தது நேரா இடப்பக்கம் போகுது. எந்தப் பக்கம்னு தெரிஞ்சா சமாளிப்பேன். ரெண்டு பக்கமும் போனா எப்படிங்க?

பார்க்க இரண்டு நோயாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் ஒன்றுதான். பந்து எந்தத் திசையில் புறப்படும் என்பதை முக்கியமாகக் கிளப் முகம் தீர்மானிக்கிறது. எந்தப் பக்கம் வளையும் என்பது முகத்துக்கும் ஸ்விங் பாதைக்கும் உள்ள கோண வித்தியாசம். உங்கள் பாதை வெளியிலிருந்து உள்ளே, இடப்பக்கமாக வெட்டி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் அந்தப் பாதைக்குத் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். முகம் பாதையோடு ஒத்திருந்தால் வளையாமல் நேராக இடப்பக்கம் போகும். பாதை ஒன்று, முகம் மட்டும் ஸ்விங்குக்கு ஸ்விங் மாறுகிறது.

முகம் மாறுவதற்கு முதல் காரணம் பிடி நழுவுவது. இடக்கையில் மேலிருந்து பார்த்தால் இரண்டு, இரண்டரை முட்டி தெரிய வேண்டும். வியர்த்து நனைந்த கையுறையோடு ஆறாவது ஹோலில் அது ஒன்றாகியிருக்கும். பையில் இரண்டு கையுறை வைத்து மூன்று ஹோலுக்கு ஒருமுறை மாற்றுங்கள், நனைந்ததைப் பையின் வெளியே மாட்டுங்கள். இரண்டாவது, பந்து வைக்கும் இடம் தெரியாமலே முன்னால் நகர்வது. டிரைவருக்கு இடது குதிகாலின் உள்பக்கம்தான் எல்லை, அதைத் தாண்டக் கூடாது. மூன்றாவது, தோள் இடப்பக்கம் திறந்து நிற்பது. பந்து வலப்பக்கம் போகப் போக உடம்பு தானாக இடப்பக்கம் திரும்பும், அது வெட்டை இன்னும் கூட்டும். ரேஞ்சில் தரையில் ஒரு கிளப்பைப் போட்டு விரல்நுனிகளை அதற்கு ஒட்டி நில்லுங்கள், தோளும் அதற்கு இணையாக இருக்கிறதா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் இரண்டு பக்கமும் போனால் பயிற்சியாளரிடம் போகலாம். அதுவரை வேண்டாம்.

அயர்ன்ல ஒண்ணு தரையில குத்துது, ஒண்ணு பந்தோட தலையில படுது. வீட்டுல பண்ற மாதிரி பயிற்சி இருக்குதுங்களா?

கோலப்பொடி போதும். புல்லில் மூன்றடி நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். கோடு இரண்டு காலுக்கும் நடுவே வரும்படி நின்று, பந்தில்லாமல் ஸ்விங் செய்து, கோட்டின் மேலேயே ஓரங்குலம் ஓரங்குலமாக முன்னேறிப் பத்து முறை அடியுங்கள். கிளப் புல்லைத் தொட்ட தடம் கோட்டில் தொடங்கி, பந்து போகும் பக்கம் நீள வேண்டும். கோட்டுக்குப் பின்னால் தடம் விழுந்தால் மைதானத்தில் அது தரையில் குத்திய ஷாட். தடமே இல்லையென்றால் தலையில் பட்ட ஷாட். பத்தில் ஏழு சரியானால் பந்தை வைக்கலாம். பின்னால் விழுபவர்களுக்கு வழக்கமான காரணம், எடை வலது காலிலேயே தங்குவது. முடிவில் வலது குதிகால் மேலே எழுந்து, இடது காலிலேயே மூன்று நொடி நிற்க முடிகிறதா என்று பாருங்கள்.

ரேஞ்சுல அற்புதமா அடிக்கிறேன், மைதானத்துல வரமாட்டேங்குது.

செயற்கை விரிப்பு பொய் சொல்லும். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் குத்தினாலும் கிளப் வழுக்கிப் போய்ப் பந்தில் படும், ஷாட் நன்றாகத்தான் தெரியும். புல்லில் அதே ஷாட் பாதி தூரம்தான். முடிந்தவரை புல்லிலேயே அடியுங்கள்.

இன்னொன்று, 7-அயர்னால் நாற்பது பந்து வரிசையாக அடித்தால் இருபதாவது பந்துக்குக் கை பழகிவிடும். மைதானத்தில் ஒரே ஷாட்டை இரண்டாம் முறை அடிக்க யாரும் விடுவதில்லை. ஐம்பது பந்தில் முதல் இருபதைப் பழகுவதற்கு வைத்துக்கொண்டு மீதி முப்பதில் மனதுக்குள் ஒரு ரவுண்டே ஆடுங்கள்: டிரைவர், 6-அயர்ன், வெட்ஜ். ஒவ்வொன்றுக்கும் குறியை மாற்றி, பின்னால் போய் நின்று பார்த்து, முழு ஒழுங்கோடு.

முதல் மூணு ஹோலிலேயே ரவுண்டு போயிடுது.

காரிலிருந்து இறங்கி நேரே டீக்குப் போனால் அப்படித்தான். இருபத்தைந்து நிமிடம் முன்னதாக வாருங்கள்: ஐந்து நிமிடம் தோள், இடுப்பு, தொடை அசைவு, பத்து நிமிடத்தில் வெட்ஜில் தொடங்கி டிரைவரில் முடியும் இருபது பந்து, மீதியில் மேலே சொன்ன பட். நேரமில்லாத நாளில் அந்த இருபது பந்தை விட்டுவிட்டுப் பட் பயிற்சியை மட்டும் செய்யுங்கள். முதல் ஹோலில் டிரைவருக்குப் பதில் ஹைப்ரிட்டோ 5-வுட்டோ எடுத்தால் யாரும் சிரிக்கப் போவதில்லை. முந்தின நாள் முகூர்த்த வரவேற்பில் நள்ளிரவு வரை இருந்துவிட்டு 6 மணி டீ டைமில் ஸ்விங்கைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

முன் ஒன்பது 43, பின் ஒன்பது 53. இது என்னங்க?

நடந்து ஆடினால் 18 ஹோலுக்கு எட்டு முதல் பத்து கிலோமீட்டர், நாலு நாலரை மணி நேரம். தாகம் எடுத்த பிறகு குடித்தால் தாமதம். இரண்டு மூன்று ஹோலுக்கு ஒருமுறை ஒரு தம்ளர் தண்ணீர், நடுவே உப்பு போட்ட எலுமிச்சைச் சாறோ நீர்மோரோ. ஒன்பது முடிந்ததும் பூரி மசாலாவை ஒரு பிடி பிடித்துவிட்டு பத்தாவது டீயில் நிற்பவருக்கு இடுப்பு திரும்பாது. வாழைப்பழமும் கடலைமிட்டாயும் பையில் வைத்து 5, 9, 13-வது ஹோலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

கால் சோர்ந்தால் பந்து தூரம் குறைந்து வலப்பக்கம் போகும். 13-வது ஹோலுக்குப் பிறகு ஒரு கிளப் கூட எடுங்கள். அதோடு, ஒன்பது முடிந்து ஸ்கோரைக் கூட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுப் பாருங்கள். 43 என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அதைக் காப்பாற்றும் ஆட்டம் தொடங்கிவிடும்.

கிளப், பந்து இதுக்கெல்லாம் பங்கு உண்டா?

கொஞ்சம் உண்டு. ஏரியில் எடுத்த பந்து, பரிசாக வந்த பந்து, கடையில் வாங்கியது என்று ஹோலுக்கொரு பந்து ஆடினால் கிரீனில் அது நிற்கும் தூரம் மாறிக்கொண்டே இருக்கும். விலை குறைந்ததாயினும் ஒரே வகையை வைத்துக்கொள்ளுங்கள். கிளப்பின் பிடியை மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரும் பாத்திர சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், வழவழப்பானால் மாற்றுங்கள்.

வெட்ஜ்களின் கோண இடைவெளியை மட்டும் ஒருமுறை பாருங்கள். இப்போதைய அயர்ன் செட்டுகளில் பிட்சிங் வெட்ஜே 43 டிகிரி இருக்கும். அடுத்தது 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் என்றால் நடுவில் 13 டிகிரி வெற்றிடம். 80 முதல் 105 யார்டு வரை எல்லாமே அரை ஸ்விங் யூகம்தான். 49 அல்லது 50 டிகிரியில் ஒன்று வாங்கி, பையில் 14-ஐத் தாண்டாமல் இருக்க, அடிக்கவே வராத 4-அயர்னை வீட்டில் வையுங்கள்.

ஊட்டியில ஆடினா தூரக் கணக்கே தப்புதுங்க.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கோவை 400 மீட்டரை ஒட்டி. காற்றின் அடர்த்தி குறைவதால் இங்கே 150 யார்டு பறக்கும் ஷாட் அங்கே 160 வரை பறக்கும். குளிர் அதில் இரண்டு மூன்று யார்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். ஆனால் மேடு பள்ளம்தான் அதிகம் ஏமாற்றும்: கிரீன் பத்து யார்டு மேலே இருந்தால் ஏறக்குறைய பத்து யார்டு கூட அடிக்க வேண்டும். பந்து கால் மட்டத்துக்கு மேலே இருந்தால் இடப்பக்கமும் கீழே இருந்தால் வலப்பக்கமும் போகும். முதல் ரவுண்டை தூரம் அறியும் ரவுண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேடி மாறினா ஸ்கோர் மாறுதுங்களே?

மாறும். பையைத் தூக்கி வழி சொல்லும் கேடியாகப் பல வருடம் அதே கிரீனில் நடந்தவருக்குத் தெரியும் சரிவு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் புதுக் கேடிக்கு உங்கள் 7-அயர்ன் எவ்வளவு போகும் என்று தெரியாது. முதல் டீயிலேயே சொல்லிவிடுங்கள்: ‘அண்ணா, ஏழு நம்பர் 140 போகும், தப்பினா வலப்பக்கம் போகும்.’ கிரீனில் ‘எந்தப் பக்கம்?’ என்று மட்டும் கேட்காமல் ‘ஏத்தமா இறக்கமா, வேகம் எப்படிங்க?’ என்று கேளுங்கள். அவர் சொன்னதும் உங்கள் கண் சொல்வதும் வேறானால் ஏதாவது ஒன்றை முழுதாக நம்பி அடியுங்கள். இரண்டையும் கூட்டி நடுவில் அடித்த பட் எங்கேயும் போகாது.

இதெல்லாம் செஞ்சா எத்தனை ரவுண்டுல தெரியும்?

ஸ்கோரில் தெரியச் சீக்கிரம் ஆகாது. ஒரு ரவுண்டின் இயல்பான விலகல் நாலு ஸ்ட்ரோக் என்றால், பத்து ரவுண்டு சராசரியை இன்னொரு பத்தோடு ஒப்பிடும்போதும் இரண்டு ஸ்ட்ரோக் வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடும். அதனால் சராசரியைப் பார்க்காமல் கார்டில் எழுதிய குறிகளைப் பாருங்கள்: பெனால்டி எத்தனை, த்ரீ-பட் எத்தனை, ட்ரிபிளுக்கு மேல் எத்தனை. ஐந்து ரவுண்டிலேயே இவை குறைவது தெரியும். ஆடி மாதத்து ஐந்தை ஆடி மாதத்தோடும், மார்கழி ஐந்தை மார்கழியோடும் ஒப்பிடுங்கள்.